தட்டு வரிசையும் தார் ரோட்டுக் குழியும்

ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தம்பி நிச்சயதார்த்தத்துக்கான தட்டு வரிசைய கார்ல ஏத்தி, பொண்ணு வீட்டுல கொண்டு போய் எறக்கணும்.

அவ்வளவுதான். சமைக்கச் சொல்லல, பாடச் சொல்லல. கார் ஓட்டச் சொன்னாங்க.

நாங்க இருக்கறது தீவுப் பக்கம், ஜெலுத்தோங். பொண்ணு வீடு கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப். ரெண்டாவது பாலத்துல ஏறி, பத்து காவான்ல எறங்கி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல போற ரோட்டப் புடிச்சா வந்துரும். கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். கடைசியில கிட்டத்தட்ட அப்படித்தான் ஓட்டவும் செஞ்சேன்.

மொத்தம் பதினோரு தட்டு. வெத்தல பாக்கு, தேங்கா, மஞ்சள் குங்குமம், பட்டுச் சேல, பழம், கல்கண்டு, சாக்லேட், கேக்குன்னு வரிசையா இருக்கும். நடுவுல ராஜா மாதிரி ஒரு லட்டுக் கோபுரம். சின்னம்மா, அதாவது எங்கம்மாவோட தங்கச்சி, ரெண்டு நாளா உக்காந்து லட்டு மேல லட்டா அடுக்கி, கண்ணாடித் தாள் சுத்தி, உச்சியில ஒரு ரோஜாவச் சொருகியிருந்தாங்க. எங்க குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் தட்டு இலாகா அவங்க கையிலதான்.

தட்டு ஒத்தப்படையிலதான் போகணும்னு உங்களுக்கே தெரியும். நாங்க பதினொண்ணு வெச்சா பொண்ணு வீட்டுல பதிமூணு வெச்சுத் திருப்பிக் குடுப்பாங்க. சம்பந்தியம்மா இதுல ரொம்பக் கண்டிப்பு. எத்தன தட்டுன்னு அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாங்க. அப்புறம் மறுபடியும் போட்டு, பதினொண்ணுதானேன்னு உறுதி பண்ணிக்கிட்டாங்க.

தம்பி கணேஷும் அந்தப் பொண்ணு பிரியாவும் காலேஜ்ல இருந்தே விரும்பறாங்க. சம்பந்தியம்மா மனசு எறங்கினதே இந்த வருஷம்தான். எதுல கொற கண்டுபுடிக்கலாம்னு அந்தம்மா பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு கணேஷுக்கு பயம். காலையில என் கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, தட்டு மட்டும் ஒழுங்கா வந்துட்டா போதும்க்கா"ன்னான். பாக்கவே பாவமா இருந்துச்சு.

என் வீட்டுக்காரர் முரளி, தட்ட தானே கொண்டு வர்றேன்னு சொல்லிப் பாத்தார். நீங்க ஓட்டினா குலுங்கும்னு சொல்லி, அவர வேன்ல மத்தவங்களோட அனுப்பி வெச்சவ நான்தான். இத மறைக்க விரும்பல.

பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள தட்டு மாத்தியாகணும். சூலியா தெரு பக்கம் போய் வெத்தலையும் மாலையும் எடுத்துக்கிட்டு, பாலம் ஏறும்போதே நேரம் நெறைய இருந்துச்சு. பின் சீட்டுல நாலு தட்டு. மிச்சம் எல்லாம் பின்னாடி போனட்ல, அதாவது டிக்கியில. முன்னாடி பட்டுச் சேலையில சின்னம்மா. நானும் பட்டு. ஏர்கோன் ஜில்லுன்னு வருது. எனக்கு ஒரே குஷி.

பத்து காவான் தாண்டி தோட்டத்து ரோட்டுல திரும்பினோம். முந்தின நாள் நல்ல மழ. ரோடு முழுக்க அங்கங்க தண்ணி. மண்ணு லோரி ஓடி ஓடி ரோடே அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிருந்துச்சு. சின்னம்மா மெதுவாப் போகச் சொன்னாங்க. அப்புறம் சும்மா இருக்காம, இந்த ரோட்டுல எப்படித்தான் இவ்வளவு குழி வருதோன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாங்க.

அவங்க கேள்வியே கேக்கல. ஆனா நான் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

எனக்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சுக்கிட்டு, சர்க்யூட் போர்டுல தலமுடிய விட மெல்லிசா இருக்கற விரிசலக் கண்டுபுடிக்கறதுதான் பொழப்பு. விரிசல்னு வந்துட்டா என்னைய யாராலயும் நிறுத்த முடியாது.

குழி மேல இருந்து வரலைன்னு விளக்கினேன். வெயில்ல தாரு காஞ்சு, சின்னதா ஒரு விரிசல் விடும். அது வழியா மழத்தண்ணி உள்ள போகும். உள்ள போன தண்ணி சும்மா இருக்காது, அடியில இருக்கற கல்லையும் மண்ணையும் கரைக்கும். மேல லோரி ஏறி அமுக்க அமுக்க, அந்த மண்ணு தண்ணியோட பிதுங்கி வெளிய வந்துரும். கடைசியில அடியில ஒண்ணுமே இருக்காது. மேல அப்பளம் மாதிரி தாரு மட்டும் நிக்கும்.

அப்பளத்தச் சொன்னேன்ல, அத கையில காட்டணும்னு தோணுச்சு. இடது கைய ஸ்டியரிங்ல இருந்து எடுத்து, தட்டையா விரிச்சுக் காட்டினேன். சின்னம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் காட்டினேன். டீச்சர்னா அப்படித்தானே.

சின்னம்மா கண்ணு பெருசாச்சு. "வாணி, குழி"ன்னாங்க.

"ஆமா சின்னம்மா, அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்"னேன்.

டமார்.

இடது பக்கம் கார் ஒரு முங்கு முங்கி, எழும்பி, மறுபடியும் ஒரு குத்து வாங்குச்சு. பாத்தா வெறும் தண்ணி தேங்கி நிக்கற மாதிரிதான் இருந்துச்சு. உள்ள அண்டா வெக்கற அளவுக்குப் பள்ளம். பின்னாடி போனட்ல இருந்து உருண்டையா ஏதோ உருள்ற சத்தம். ஒண்ணு ரெண்டு இல்ல, ரொம்ப நேரம் உருண்டுச்சு.

சின்னம்மா பின்னாடி திரும்பிப் பாத்தாங்க. அப்புறம், "சொன்னா போதாதா, செஞ்சு வேற காட்டணுமா?"ன்னு கேட்டாங்க.

ஸ்டியரிங் இடது பக்கமா இழுத்துச்சு. ஓரங்கட்டி எறங்கிப் பாத்தேன். முன் டயர் பக்கவாட்டுல கொழுக்கட்ட சைஸுக்கு வீங்கியிருந்துச்சு. ரிம் ஓரம் நெளிஞ்சு போயிருந்துச்சு. டயரு குழிக்குள்ள எறங்கறப்போ ஒண்ணும் ஆகறதில்ல. ஏறறப்போ எதிர்ப்பக்க ஓரத்துல போய் மோதும். அந்த ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவுல டயரு நசுங்கி, உள்ள இருக்கற நாரு அறுந்துரும். அதான் வீக்கம். இதையும் நான் சின்னம்மாவுக்கு விளக்கப் போனேன். அவங்க பாத்த பார்வையில பாதியில நிறுத்திக்கிட்டேன்.

போனட்டத் தெறந்தா, லட்டுக் கோபுரம் தரைமட்டம். கண்ணாடித் தாள் கிழிஞ்சு, லட்டெல்லாம் மூலைக்கு ஒண்ணா ஒடைஞ்சு கெடக்கு. ரோஜா மட்டும் ஒண்ணும் ஆகாம கேக்கு மேல படுத்திருந்துச்சு. நல்லவேளையா மத்த தட்டுங்களுக்கு ஒண்ணும் ஆகல.

கணேஷ் மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. பதினொண்ணுல ஒண்ணு போனா பத்து. பத்து ரெட்டப்படை. இன்னொண்ணையும் எடுத்துட்டா ஒம்போது. ஒம்போதோட போய் நின்னா, ரெண்டு தடவ போன் போட்ட சம்பந்தியம்மா சும்மா விடுவாங்களா?

முதல்ல டயர மாத்துவோம்னு நெனச்சேன். அப்பத்தான் இன்னொரு உண்மை உறைச்சுச்சு. ஸ்பேர் டயர் எங்க இருக்கு? போனட்டுக்கு அடியில. போனட்டுக்கு மேல என்ன இருக்கு? தட்டு.

எல்லாத்தையும் எறக்கினோம். சீர்த் தட்ட வெறும் மண்ணுல வெக்கக் கூடாதுன்னு சின்னம்மா, தட்டுங்கள மூடக் கொண்டு வந்த செவப்புத் துணிய எடுத்து ரோட்டோரம் விரிச்சாங்க. குழிக்கு நேரா அங்கதான் கொஞ்சம் சமமா எடம் இருந்துச்சு. கை பழக்கம், வரிசையா அடுக்கிட்டாங்க. வெத்தல பாக்கு முதல்ல, மஞ்சள் குங்குமம் பக்கத்துல, தேங்கா நடுவுல. பின் சீட்டு தட்டுங்களும் கார் சூட்டுல வேகுதுன்னு அதையும் கொண்டாந்து சேத்துட்டாங்க.

தோட்டத்து ஈயி விடுமா? லட்டு வாசனைக்குப் படையா வந்துருச்சு. ஈ மொய்க்கக் கூடாதுன்னு சின்னம்மா தட்டுல இருந்த ஊதுவத்திய எடுத்துக் கொளுத்தி, நாலு பக்கமும் சுத்திக் காட்டினாங்க.

நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? ஜாக்கிய கார்ல எங்க வெக்கணும்னு தெரியல. பட்டுச் சேலையோட முட்டி போட்டு, நெத்தி தரையில படற அளவுக்குக் குனிஞ்சு, காருக்கு அடியில தேடிக்கிட்டு இருந்தேன். குனிவேன், எந்திரிப்பேன். மறுபடியும் குனிவேன்.

இப்ப இந்தக் காட்சிய ரோட்டுல போறவங்க கண்ணால பாருங்க. ஒரு குழி. அதுக்கு முன்னாடி செவப்புத் துணியில வரிசையா தட்டு. பட்டுச் சேல கட்டின ஒரு அம்மா ஊதுவத்தி காட்டறாங்க. இன்னொருத்தி விழுந்து விழுந்து கும்பிடறா.

ஒரு லோரி வந்துச்சு. ஓட்டினது ஒரு மலாய்க்கார அண்ணன். எங்களப் பாத்ததும் ரேடியோவ நிறுத்தி, வேகத்தக் கொறச்சு, எதிர்ப்பக்கமா ஒதுங்கி, சத்தமே வராம ஊர்ந்து போனார். எனக்கு ஒண்ணும் புரியல. எவ்வளவு நல்ல மனுஷன்னு மட்டும் நெனச்சேன்.

அடுத்து ஒரு மோட்டர் பைக்கு வந்து நின்னுச்சு. நம்ம ஆளுங்க. புருஷன் பொண்டாட்டி, பாசாருக்குப் போயிட்டு வர்றாங்க. முன் கூடையில காய்கறி, வாழப்பழம். அந்தக்கா ஹெல்மெட்டக் கழட்டிட்டு, செருப்பையும் கழட்டினாங்க. என்ன பூஜைம்மான்னு சின்னம்மாகிட்ட கேட்டாங்க.

சின்னம்மாவுக்கு மானப் பிரச்சன. மாப்பிள்ள வீட்டுச் சீர் நடுரோட்டுல கெடக்குன்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்ல முடியுமா? ஒரு நொடி கூட யோசிக்கல.

"ரோட்டுக்குத்தாம்மா. இதுல போறவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுல்ல."

நான் காருக்கு அடியிலயே இருந்துட்டேன். வெளிய வர்ற மூஞ்சி எனக்கு இல்ல.

அந்தக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. போன மாசம் இதே குழியில அவங்க மோட்டர் விழுந்துச்சாம், வீட்டுக்காரருக்குக் கையெல்லாம் சிராய்ப்பாம். சாமிதான் காப்பாத்துச்சுன்னு சொன்னாங்க. கூடையில இருந்து ஒரு சீப்பு வாழப்பழத்த எடுத்துக் குழி பக்கத்துல வெச்சு, குங்குமம் தொட்டு வெச்சு, ஊதுவத்திய அதுலயே சொருகி, கண்ண மூடி ரொம்ப நேரம் கும்பிட்டாங்க. எனக்குச் சிரிப்பும் வருது, நெஞ்சு கனக்கவும் செய்யுது. ரெண்டும் சேந்து வந்ததுல இருமல்தான் வந்துச்சு.

அவங்க வீட்டுக்காரர் கும்பிட்டு முடிச்சதும், நான் படற பாட்டப் பாத்துட்டு டயர மாத்திக் குடுத்தார். வீட்டுல விசேஷம் இருக்கு, நேரமாச்சுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. ஒரு தாங்க்ஸ் சொன்னேன். யாரு, எந்த ஊருன்னு கேக்கத் தோணல. கேட்டிருக்கணும்.

திரும்பவும் தட்டுங்கள ஏத்தினோம். பத்து தட்டு, ஒரு காலித் தட்டு. சின்னம்மா காலித் தட்டப் பாத்தாங்க. குழி பக்கத்துல இருந்த வாழப்பழத்தப் பாத்தாங்க. அப்புறம் என்னையப் பாத்தாங்க.

நான் வேணாம்னேன். சாமிக்கு வெச்சது சின்னம்மான்னேன்.

எந்தச் சாமின்னு கேட்டாங்க. நான் காலித் தட்ட நீட்டினேன்.

மிச்சம் இருந்த கண்ணாடித் தாள சுத்தி, அந்த ரோஜாவயே மேல சொருகி, அஞ்சு நிமிஷத்துல பதினோராவது தட்டு ரெடி. ஒடஞ்ச லட்டுல தாள் மேல கெடந்தத வழியெல்லாம் நான் தின்னு தீத்தேன். பதட்டத்துல எனக்குப் பசி வரும்.

எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி போய்ச் சேந்தோம். கணேஷ் வாசல்லயே நின்னான். தட்டுங்கள எண்ணிட்டு, அப்படியே என் தோள்ல சாஞ்சுட்டான். மாப்பிள்ளைக்கு அக்கான்னு, முதல் தட்ட நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன். சம்பந்தியம்மா ஓரமா நின்னு கண்ணாலயே எண்ணினாங்க. பதினொண்ணு வந்ததும் லேசா தலைய ஆட்டினாங்க. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. முரளி மட்டும் வெளிய நிக்கற கார ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தார். ஸ்பேர் டயர் மத்த டயர விட ஒல்லி, தூரத்துல இருந்தே தெரியும்.

அந்த நேரம் பாத்து அடுப்படியில இருந்து ஒரு அக்கா வந்தாங்க. பட்டுச் சேல, தல நெறைய பூ. இவங்கதான் பிரியாவோட கமலா அத்தைன்னு அறிமுகம் பண்ணி வெச்சாங்க.

எங்கேயோ பாத்த முகமா இருக்கேன்னு யோசிச்சேன். யோசிக்கத் தேவையே இல்ல. பாத்து ஒரு மணி நேரம் கூட ஆகல.

அத்தை என்னையப் பாத்தாங்க. சின்னம்மாவப் பாத்தாங்க. அப்புறம் பதினோராவது தட்டுகிட்ட போய்க் குனிஞ்சாங்க. கண்ணாடித் தாளுக்குள்ள அவங்க வெச்ச குங்குமம் அப்படியே இருக்கு. அத விடுங்க. ஊதுவத்திக் குச்சியே அப்படியே இருக்கு. அவசரத்துல சின்னம்மா அதப் புடுங்காமலே கட்டியிருக்காங்க.

"இது நான் வெச்ச பழமாச்சே"ன்னாங்க அத்தை.

ஹால்ல எல்லாரும் தட்டுப் பக்கம் திரும்பிட்டாங்க. சம்பந்தியம்மா புருவம் ஏறுச்சு. கணேஷ் மூஞ்சியில ரத்தமே இல்ல. போச்சு, என் வாயாலயே என் தம்பி கல்யாணத்தக் கெடுத்துட்டேன்னு ஒடஞ்சே போயிட்டேன். உண்மையச் சொல்லிரலாம்னு வாயத் தெறந்தேன். சின்னம்மா என் இடுப்புல கிள்ளினாங்க.

"ஆமாம்மா, பிரசாதம்"னாங்க.

அத்தை ரெண்டு கையாலயும் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் ஹாலுக்கே கேக்கற மாதிரி ஆரம்பிச்சாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க, சீரக் கொண்டு வர்ற வழியில, அந்தப் பாழாப்போன குழிக்கு முன்னாடி நிறுத்தி, எல்லாத் தட்டையும் எறக்கி வெச்சு, ஊரு சனத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பூஜ பண்ணாங்களாம். இந்தப் பொண்ணு, அதாவது நான், பட்டுச் சேலையோட மண்ணுல விழுந்து விழுந்து கும்பிட்டேனாம். இப்படி ஒரு குடும்பத்துல பொண்ணு குடுக்க நாம குடுத்து வெச்சிருக்கணும்னு சொல்லி முடிச்சாங்க.

என் முட்டியில மண்ணு வேற இருந்துச்சு. எல்லாரும் அதப் பாத்தாங்க.

சம்பந்தியம்மா என்கிட்ட வந்தாங்க. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "உங்கள என்னென்னமோ நெனச்சிட்டேம்மா"ன்னாங்க. இத்தன வருஷமா கணேஷ் எதிர்பாத்த வார்த்த, ஒரு டயர் வீங்கின புண்ணியத்துல வந்துருச்சு. எனக்கு நெசமாவே அழுக வந்துருச்சு. பழத்த ஆளுக்கொண்ணா எடுத்துப் பயபக்தியோட சாப்பிட்டாங்க. பத்தலைன்னு பாதிப் பாதியா வேற ஒடச்சுக்கிட்டாங்க.

முரளி மெதுவா பக்கத்துல வந்து, டயர் என்னாச்சுன்னு காதுல கேட்டார். பிரசாதத்த வாயில வெச்சுக்கிட்டுப் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.

கத இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கமலா அத்தை அடுத்த வெள்ளிக்கிழமையே அந்தக் குழியோரம் போய் வெளக்கேத்திட்டாங்க. அப்புறம் யாரோ மஞ்சத் துணி கட்டி ஒரு கொம்பு நட்டாங்க. சீனவங்க யாரோ செவப்பு ஊதுவத்தியும் ஆரஞ்சுப் பழமும் ஒரு குட்டிக் கப்புல தேத்தண்ணியும் வெச்சுட்டுப் போயிருந்தாங்க. ரோட்டுக்கு இவ்வளவு மரியாத கெடச்சு நான் பாத்ததே இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு ரோடு போடற ஆளுங்க வந்தாங்களாம். அந்த ரோட்டுல இருந்த அத்தன குழியையும் வெட்டிச் சுத்தம் பண்ணி, தாரு ஊத்தி, ரோலர் விட்டு அமுக்கி, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டாங்க. ஒரே ஒரு குழிய மட்டும் தொடல. சாமி விஷயம், நமக்கெதுக்கு வம்புன்னு அழகா ஒதுங்கிச் சுத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். அத்தைதான் போன்ல சொன்னாங்க, ரொம்பப் பெருமையா.

போன ஞாயித்துக்கிழமை கல்யாணப் பத்திரிகை குடுக்க அந்தப் பக்கம் போனேன். ரோடு அவ்வளவு வழுவழுப்பு. மஞ்சத் துணி தூரத்துலயே தெரிஞ்சுச்சு. தம்பி வாழ்க்கைக்கே வழி பண்ணின எடம், சும்மா கடந்து போக மனசு வரல.

ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையையும் கூப்பினேன், இப்ப அடுத்த டயரும் போச்சு.